ஒண்ணுமில்லையார் ஒப்புக்கொண்டது

சத்சங்கக் கூடத்தில் எல்லோரும் அவரை 'ஒண்ணுமில்லையார்' என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டலாக ஆரம்பித்த பேர், போகப்போக மரியாதையாகவே ஒட்டிக்கொண்டது. யாராவது ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், மனிதர் இரண்டு கையையும் விரித்து, "அட, நான் ஒண்ணுமில்லீங்க" என்பார். வாசலில் எல்லோரும் கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்குவார். நாற்காலி காலியாகக் கிடந்தாலும் தரையில்தான் உட்காருவார். லிஃப்ட் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து விழாமல் எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் ஓடாது என்று இருந்த காலம் உண்டு. அப்பேர்ப்பட்டவர் செருப்பு அடுக்குகிறார் என்றால் சும்மாவா? புதிதாக வருகிறவர்களிடம் அவரைத்தான் முதலில் காட்டுவார்கள்.

வீட்டில் மட்டும் இந்தப் பேர் செல்லுபடியாகவில்லை.

"நான்ங்கிறத விட்டுட்டேன், நான்ங்கிறத விட்டுட்டேன்னு காலையில இருந்து எத்தன 'நான்' போட்டீங்கன்னு எண்ணிப் பாத்தீங்களா?" என்பாள் மனைவி. "ஊரு செருப்பெல்லாம் அங்க அடுக்குறீங்க. உங்க செருப்பு ஒண்ணு கட்டிலுக்கு அடியில கெடக்கு, இன்னொண்ணு பாத்ரூம் வாசல்ல கெடக்கு. அத எந்த மகான் வந்து அடுக்கறது?"

அதற்கும் அவர் சிரித்துக்கொண்டு, "அடுக்கறேன் தாயே" என்பார். கோபம் வராது. வந்தாலும் காட்டமாட்டார்.

ஆனால் அவரை வேஷக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. மனிதருக்கு நெஞ்சாரவே விடுதலை வேண்டியிருந்தது. இன்னொரு தடவை பிறந்து, இன்னொரு தடவை இந்தக் கூத்தையெல்லாம் ஆடித் தீர்க்க அவருக்குத் தெம்பில்லை. டயர் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்திருந்த அந்தக் கூடத்துக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல்முதலாகப் போனார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே உரை சொல்கிறவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். அன்றைக்கு அவர் சொன்னார்: "செய்யறது நீங்க இல்ல. உங்க வழியா நடக்குது, அவ்வளவுதான். 'நான் செஞ்சேன்'ங்கிற நெனப்புதான் கட்டு. அது அறுந்துட்டா பிறவியும் அறுந்துடும்." அதைக் கேட்டதும் நம் ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பக்தியாவது ஒன்றாவது. அவர் அழுதது வேறு விஷயத்துக்கு. அதைச் சொல்ல இன்னும் பத்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது அவரும் அவருடைய ஒரே தம்பியும் அந்தக் கம்பெனியில் ஒன்றாக மெக்கானிக் வேலை பார்த்தார்கள். ஒரு சனிக்கிழமை, ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்று நின்று போகிறது என்று கூப்பிட்டார்கள். லிஃப்டுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. எந்த மாடியிலாவது கதவு திறந்திருந்தால் அது நகராது. கோளாறு தேடும்போது மட்டும் மெக்கானிக்குகள் மெஷின் ரூம் பேனலில் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டு, எல்லாக் கதவும் மூடித்தான் இருக்கிறது என்று லிஃப்டை நம்பவைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்த ஒயரை எடுத்துவிட வேண்டும். அதில் கம்பெனிக்கு ஒரே சட்டம்தான்: போட்டவனே எடுக்க வேண்டும். இன்னொருத்தனிடம் சொல்லிவிட்டுப் போவது என்ற பேச்சே கிடையாது.

ஒயரைப் போட்டது அண்ணன். எடுக்காமல் விட்டதும் அண்ணன்தான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கோளாறைக் கண்டுபிடித்த குஷி. கட்டடத்து மேலாளர் மெஷின் ரூம் வரைக்கும் ஏறி வந்து, "உங்க கை பட்டாத்தான் சார் இது கேக்குது" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டே அவரோடு கீழே இறங்கிவிட்டார். தம்பி லிஃப்டை இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தான், நன்றாக ஓடியது. அண்ணன் போட்டால் அண்ணன் எடுத்திருப்பான் என்று, பேனலைத் திறந்துகூடப் பார்க்காமல் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை காலை துப்புரவு வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, வாளியோடு உள்ளே ஒரு காலை வைத்தாள். கதவு திறந்தது திறந்தபடியே லிஃப்ட் மேலே ஏறியது. அவளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணையில், ஒயரைப் போட்டது யார் என்று கேட்டார்கள். அண்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் ஒரு தப்பு சொல்ல முடியாத கை என்று பேர் வாங்கியவர். 'நான்' என்ற அந்த ஒரு சொல் தொண்டைவரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது பக்கத்து நாற்காலியிலிருந்து தம்பி, "நான்தான் சார்" என்றான்.

வெளியே வந்ததும் தம்பிதான் அவருக்குச் சமாதானம் சொன்னான். "கையெழுத்து என்னோடதுண்ணே, எப்படியும் நான் மாட்டுவேன். ரெண்டு பேரும் எதுக்குப் போகணும்? நீ உள்ள இருந்தாத்தான் என்னைக்காவது என்னைத் திரும்ப இழுத்துப் போட முடியும்."

இழுத்துப் போடவில்லை. இரண்டு வருஷத்தில் மேற்பார்வையாளர் ஆனார், தம்பி பேரை எடுத்தால் பழைய கதையும் கூடவே கிளம்பும் என்று பேசாமல் இருந்துவிட்டார். தம்பியின் உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அவன் ஒரு சிமெண்டுக் கிடங்கில் காவல்காரனாகப் போய்ச் சேர்ந்தான். அவனுக்கு ஒரே மகள், அப்போது பத்து வயது. "அப்பா, அந்தம்மா காலு உன்னாலயா போச்சு?" என்று அவள் கேட்டாள். "ஆமாம்மா" என்றான். அன்றைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தவள்தான், பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. பெரியவளானதும் செயற்கைக் கால் செய்து பொருத்துகிற வேலையைத் தேடிப் படித்துச் சேர்ந்தாள். ஏன் இந்த வேலை என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அது இந்தக் குடும்பத்தில் பத்தொன்பது வருஷம் குடித்தனமே நடத்தியது.

கூடத்தில் அவர் அழுதது இதற்குத்தான். செய்கிறவன் என்று ஒருத்தன் இல்லையென்றால், ஒயரை எடுக்காமல் விட்டவன் என்றும் ஒருத்தன் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

இந்த வருஷம் தம்பிக்கு நுரையீரல் போய்விட்டது. சிமெண்டுத் தூசி என்றார் டாக்டர். இனி நாள் கணக்குதான் என்றும் சொல்லிவிட்டார். தம்பியின் மனைவி ஆறு வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டாள், மகள்தான் வந்து போய்க்கொண்டிருந்தாள். பார்வை நேரம் நாலு மணிக்கு ஆரம்பம். அண்ணன் மூன்றே முக்காலுக்கே போய் வாசலில் நின்றார்.

ஆறு கட்டில்கள் போட்ட அறை. தம்பியின் கட்டில் சுவரோரம். மூக்கில் குழாய், கையில் ஊசி, தலையணையை விட மெலிந்த உடம்பு. அண்ணனைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை.

"அண்ணே, ஒரு வேலை பாக்கி இருக்கு. அத நீதான் முடிச்சுத் தரணும்."

"சொல்லுடா."

"அவகிட்டச் சொல்லிடு."

எதை என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லலாமேடா. இனிமே யாரு என்ன செய்யப் போறாங்க?"

"நான் சொன்னா எடுபடாதுண்ணே. போற நேரத்துல பெரியப்பா தலையில கட்டுறான்னு நெனப்பா. உன்மேல அவளுக்கு அவ்வளவு மரியாதை. நீ சொன்னாத்தான் நம்புவா." மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினான். "வர்றா. மருந்து எடுத்துக் குடுக்கிறா, துணி மாத்துறா, ஒரு குறை சொல்ல முடியாது. முகத்த மட்டும் பாக்க மாட்டேங்கிறா. ஒரே ஒரு தடவ அந்தப் பழைய மாதிரி பாத்துட்டாப் போதும்ணே. நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

அண்ணன் தம்பியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஒன்பது வருஷம் பழகிய குரலில், "நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும்டா" என்று ஆரம்பித்தார். "அதச் செஞ்சது நீயும் இல்ல, நானும் இல்ல. செய்யறவன்னு ஒருத்தனே கெடையாது. எல்லாம் நடக்கறதுதான். இந்த நெனப்ப எல்லாம் இறக்கி வச்சுட்டா உனக்கும் நிம்மதி, அடுத்த பிறவின்னு ஒண்ணும்…"

தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"அப்ப அந்த ஒயர எடுக்காம விட்டது யாருண்ணே?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். யாரோ தண்ணீர் கேட்டார்கள். அண்ணன் தலை குனிந்தார், கண்ணில் நீர் முட்டியது.

"இன்னைக்கே சொல்லிடறேன்டா" என்றார். "அவ வந்ததும் சொல்லிடறேன். சத்தியம்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவன் உதடு லேசாகச் சிரித்தது.

மகள் ஐந்தரைக்கு வந்தாள். கையில் ஃப்ளாஸ்க், சட்டைக் கையில் வெள்ளையாக பிளாஸ்டர் மாவுத் தூள், வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். அவர் அவளைத் தாழ்வாரக் கோடிக்கு, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார். மனதுக்குள் வார்த்தைகளை வரிசையாக வைத்திருந்தார். ஒயரப் போட்டது நான், எடுக்காம விட்டது நான், உங்கப்பன் என்னைக் காப்பாத்தினான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், மூன்றே வாக்கியம்தான்.

"அம்மாடி, உங்கப்பா விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க பெரியப்பா."

அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். உலகத்தில் அவள் முழுசாக நம்பிய ஆள் அவர் ஒருத்தர்தான். அந்த நம்பிக்கை முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. அதைப் பார்த்தார் மனிதர். பார்த்திருக்கக் கூடாது.

"உங்கப்பா மேல கோவத்த வச்சுக்காதம்மா" என்று வந்தது வாயில். "யாரும் எதையும் செய்யறதில்ல. நாமதான் அவன் செஞ்சான் இவன் செஞ்சான்னு நெனச்சுக்கறோம். போற உசுரு நிம்மதியாப் போகட்டும். அவன மன்னிச்சுடு."

அதைச் சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது, அதுதான் கொடுமை. பாவி மனுஷன், சொல்ல வந்தது என்ன, சொன்னது என்ன! குற்றவாளி, நிரபராதிக்காகச் சிபாரிசு செய்துகொண்டு நின்றார்.

அவள் குழாயில் சொட்டிய தண்ணீரைத் திருகி நிறுத்தினாள். "உங்க மனசு எனக்கு வராது பெரியப்பா" என்றாள் கடைசியில். "ஆனா நீங்க சொல்றதால முயற்சி பண்றேன்." பிறகு விறுவிறுவென்று அறைக்குள் போனாள்.

அவர் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். குனிந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு பார்த்தாள்.

"பெரியப்பா எல்லாம் சொன்னாருப்பா" என்றாள்.

தம்பியின் முகம் மலர்ந்ததே, அதை என்னவென்று சொல்வது? குழாயையும் மீறிச் சிரித்தான். கன்னம் குழிந்து, கண் பளபளத்து, இன்னும் பத்து வருஷம் இருந்துவிடுவான் போலிருந்தது.

"அவருக்காக உன்னை மன்னிச்சுட்டேன்."

சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. போவதற்கு அதற்கு வழி தெரியவில்லை. பிறகு அவன் கண், மகளின் தோளுக்கு மேலாகக் கதவருகே நின்ற அண்ணனைத் தேடிப் பிடித்தது. மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுநாளும் அதற்கு மறுநாளும் அண்ணன் போய் உட்கார்ந்தார், முகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு உயிர் போய்விட்டது.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் ஒரு காலையில், மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒயர், விசாரணை, தாழ்வாரம், சுவர். அவள் கத்தி பாதியிலேயே நின்றுவிட்டது. கேலி செய்வாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"அவரு வீட்டுக்கு வந்தப்பல்லாம் நான் என்ன சொல்வேன், ஞாபகம் இருக்கா? 'கொஞ்சம் பாத்து வேலை செஞ்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா கொழுந்தனாரே'ன்னு சொல்லிக் காட்டுவேன். எத்தன வருஷம். அவரும் சிரிச்சுக்கிட்டே 'ஆமா அண்ணி'ம்பாரு." கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவர் தரையில் சிந்திக் கிடந்த வெங்காயச் சருகைப் பொறுக்கினார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன ஆகப்போகுது? என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? கேக்க வேண்டியவ அங்க இருக்கா. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. அவரு பேரையாவது மீட்டுக் குடுங்க." அதற்குமேல் அவள் அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

மனிதர் நேரே தம்பி மகளிடம் போயிருக்கலாம். போகவில்லை. நாக்கு முதலில் பழகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் போனார். உரை முடிந்ததும் எழுந்து நின்று, இத்தனை வருஷம் மறைத்தது, தம்பி சுமந்தது, எல்லாவற்றையும் நாற்பது பேர் முன்னால் போட்டு உடைத்தார். இனி யாரும் இந்த வாசல்படி ஏற விடமாட்டார்கள் என்றே நினைத்தார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார், அவர் கண்ணெல்லாம் நீர்.

"பாத்தீங்களா?" என்றார் எல்லோரையும் பார்த்து. "தம்பியோட பாவத்தக்கூடத் தன் கணக்குல எழுதிக்கறாரு. செத்தவன் பேரு சுத்தமாகட்டும்னு தன் பேர அழிச்சுக்கறாரு. நான் வாரா வாரம் வாயால சொல்றேன், இவரு வாழ்ந்து காட்டுறாரு."

"இல்லீங்க, நெசமாவே நான்தாங்க செஞ்சேன்" என்றார் அவர். "புரிஞ்சுக்கங்க. நான்தான்."

எல்லோரும் புரிந்துகொண்டவர்கள் மாதிரி சிரித்தார்கள். ஒரு பெண்மணி காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர் தடுக்கத் தடுக்க அவர்களுக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. தப்பித்தால் போதும் என்று வாசலுக்கு ஓடி வந்தால், அவருடைய செருப்பை யாரோ துடைத்து, தனியாக ஒரு காகிதம் விரித்து அதன்மேல் வைத்திருந்தார்கள்.

படியில் இறங்கும்போது அவருக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருஷமாக அவர் அடுக்கிய ஒவ்வொரு செருப்பும், விரித்த ஒவ்வொரு கையும், அவரை ஒரு நல்ல பேருக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது. உள்ளே இருந்துகொண்டு உண்மையைச் சொன்னால் வெளியே கேட்காது. ஆனாலும் அவள் தம்பி மகள். அவள் அவரை வேறு மாதிரி கேட்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் வேலை செய்கிற இடத்துக்குப் போனார். நீளமான அறை. ஒரு பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் முன்னால் இடுப்பு உயரத்தில் இரண்டு கம்பிகள், புதுக்கால் போட்டவர்கள் பிடித்துக்கொண்டு நடந்து பழக. மறுபக்கம் அலமாரிகளில் வெள்ளை வெள்ளையாக பிளாஸ்டர் மாவில் வார்த்த கால் அச்சுகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி. அவள் ஒரு அச்சை இடுக்கியில் மாட்டி அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வார்த்தை வேறாக மாறிவிடும் என்று பயம்.

"அந்த ஒயரப் போட்டது நான். எடுக்காம விட்டதும் நான். உங்கப்பன் எனக்காகத் தலைய குடுத்தான். சாகறதுக்கு முன்னாடி உன்கிட்ட இதச் சொல்லச் சொன்னான். நான் சொல்லல."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முகம் கனிந்தது.

"நீங்க இப்படித்தான் ஏதாவது சொல்வீங்கன்னு நெனச்சேன் பெரியப்பா. அப்பாவுக்காக உங்க பேர ஏன் கெடுத்துக்கறீங்க? புத்தகத்துல கையெழுத்து அப்பாவோடது. அப்பாவே என்கிட்ட ஆமான்னு சொன்னாரு."

"கையெழுத்து அவனோடதுதான். ஒயரு என்னோடது" என்றார். "நீல ஒயரு. ரெண்டு முனையிலயும் மஞ்ச டேப்பு சுத்தியிருக்கும். நான்தான் டேப்பு சுத்துவேன், எங்க கம்பெனியில வேற ஒருத்தனும் சுத்தமாட்டான். உங்கப்பன் பல்லால கடிச்சு உரிச்ச ஒயர அப்படியே போடுவான். நீ சின்னப் புள்ளையில வீட்டுல பாத்திருப்ப."

அரம் அவள் கையில் அசையாமல் நின்றது. அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். விசாரணை அறிக்கையின் நகல். இந்த வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து, தான் ஏன் இங்கே இருக்கிறோம் என்பது மறந்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் பேனலின் படம். கலர்ப்படம், குறுக்கே ஒரு நீல ஒயர், இரண்டு முனையிலும் மஞ்சள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு, நோயாளிகள் உட்காருகிற ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பல்லாலதான் உரிப்பாரு" என்றாள். "அம்மா திட்டுவாங்க."

நம்பிவிட்டாள். இதற்குத்தானே வந்தார். தம்பியின் பேர் இந்த அறைக்குள்ளாவது சுத்தமாகிவிட்டது.

"பத்து வயசுல இருந்து அவரு பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டதில்ல பெரியப்பா." அவள் அவரைப் பார்த்துப் பேசவில்லை, படத்தைப் பார்த்துப் பேசினாள். "அவரு வாங்கிட்டு வந்த புதுத்துணியப் போட்டதில்ல. ஸ்கூல்ல அப்பா என்ன வேலைன்னு கேட்டா, அப்பா இல்லன்னு சொல்லியிருக்கேன். அவருக்கும் தெரியும் அது. கடைசியில நான் போய், உன்ன மன்னிச்சுட்டேன்னு…"

மேலே சொல்ல வரவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாவுத் தூள் கன்னத்தில் அப்பியது. வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டி, அடுத்த ஆள் வரலாமா என்று கேட்டார்கள். "அஞ்சு நிமிஷம்" என்றாள், அது அவள் குரல் மாதிரியே இல்லை.

பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தம்பியின் கண் அப்படியே.

"பொய்னு சொல்லுங்க பெரியப்பா."

"அம்மாடி…"

"நெசமா இருந்தா நான் எப்படி இருப்பேன்? சொல்லுங்க. யார்கிட்டப் போய் நான் மன்னிப்புக் கேப்பேன்? டேப்பு யாரு வேணாலும் சுத்தியிருக்கலாம். நீங்க அப்பாவுக்காகத்தான் சொன்னீங்க. அப்படித்தானே? பொய்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

உண்மை என்று பிடிவாதம் பிடித்தால் தம்பிக்கு நீதி கிடைக்கும், தம்பியின் மகள் உயிரோடு எரிவாள். பொய் என்றால் அவள் பிழைப்பாள், தம்பி என்றென்றைக்கும் குற்றவாளி. கூடத்தில் கேட்டதையெல்லாம் துழாவிப் பார்த்தார். ஒரு வாக்கியம்கூடக் கைகொடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்தான் கண்ணில் நின்றது. எதிரே, முகமெல்லாம் வெள்ளைத் தூளோடு, அவன் பெற்ற பிள்ளை கையேந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பொய்தாம்மா" என்றார். "உங்கப்பன் பேரு நல்லா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

அவள் நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். அறிக்கையை உறைக்குள் தள்ளி, உறையை இழுப்பறையின் அடியில் தள்ளி, மூடினாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது பெரியப்பா." அவருடைய கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று தனக்கே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அதற்குள், உள்ளே 'நான்' என்கிற ஒருத்தன் நிம்மதியாகக் காலை நீட்டி, "அப்பாடா" என்றான். அவன் குரல் நன்றாகவே கேட்டது. ஒன்பது வருஷமாக அவன் செத்துவிட்டான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு ஒரு குறையும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருந்தான்.